நீல மீனுக்கு அம்மை போட்ட விவரம்

கேளம்பாக்கம்
ஜூன் 29

சிரஞ்சீவி மாப்பிள்ளை பிரவின்குமாருக்கு, மாமா பாலசுப்ரமணியன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உங்கள் அத்தை வசுமதியும் சௌக்கியம். ராட்டர்டாமில் நீங்களும் ஸ்வாதியும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பீர்கள். மீன்களின் சௌக்கியம் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீடியோ காலில் நீங்கள் தொட்டியைக் காட்டச் சொன்னபோதெல்லாம் சிக்னல் சரியில்லை என்று நான் சொன்னது பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. தொட்டியில்தான் மீன் இல்லை. பதற்றப்படாமல் முழுவதும் படிக்கவும்.

தப்பு என்னுடையது. உங்கள் பிறந்தநாளுக்கு நீங்கள் எதிர்பாராத பரிசாக இருக்கட்டும் என்று மே மாதக் கடைசியில் ஒரு மஞ்சள் மீனை வாங்கி வந்து, பையைப் பிரித்து அப்படியே உங்கள் கடல்நீர்த் தொட்டிக்குள் விட்டேன். நீங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன நான்கு பக்கக் குறிப்பில், புது மீனை ஒரு மாதமாவது தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நான்காம் பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். கல்பாக்கத்தில் முப்பத்து மூன்று வருடம் பாதுகாப்புப் பிரிவில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் விதிமுறையைக் கடைசி வரி வரை படித்தாயா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கியவன் நான். இதை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சில நாளில் உங்கள் நீல மீன் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளியோடு, கல்லில் போய் உரசிக்கொண்டு நின்றது. அத்தை கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "முத்து போட்டிருக்குங்க. அரிக்குது பாருங்க, உரசுது. இது அம்மைதான்" என்றாள். மீனுக்கு அம்மை வருமா என்று கேட்டதற்கு, "உடம்புன்னு ஒண்ணு இருந்தா எல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றோடு வீட்டில் தாளிப்பு நின்றது, எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது, நோய் மீனுக்கு, பத்தியம் எனக்கு. மோரும் வெறும் சோறுமாக நான் நான்கு நாள் ஓட்டினேன். போதாததற்கு அவள் வாசலில் ஒரு வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டாள். எதிர்வீட்டு ஹரிப்ரியா அதைப் படமெடுத்து அடுக்ககக் குழுவில் போட, நம் தளத்தில் லிஃப்ட் நிற்பதே நின்றுபோயிற்று. யாரோ நல்ல மனதோடு மூன்று இளநீரை வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். அவற்றை நான்தான் குடித்தேன்.

மறுநாள் சுகாதார நர்ஸ் ஜோதிலட்சுமி பதிவேட்டோடு வந்துவிட்டார். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "எத்தன பேருக்கு சார்?" என்றார். இப்போதைக்கு ஒருத்தருக்கு, ஆனால் வீட்டில் மொத்தம் நான்கு பேர் என்றேன். வயது கேட்டார். மூன்று இருக்கும் என்றேன். "கொயந்தைக்கு தடுப்பூசி போட்டுக்கீதா?" என்றார். அதற்குள் அத்தை அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தொட்டி முன்னால் நிறுத்திவிட்டாள். அந்தம்மா நீல மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதிவேட்டை மூடினார். "சார், எனுக்கு இன்னும் பதினாலு வூடு கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பதினோரு மணி வெயிலில் வந்த மனுஷிக்கு ஒரு வாய் மோர்கூடக் கொடுக்கவில்லையே என்று எனக்கு இன்னமும் சங்கடமாக இருக்கிறது.

அதற்குள் உங்கள் ஆரஞ்சு ஜோடிக்கும் புள்ளி இறங்கிவிட்டது. மூன்று வருடமாக நீங்கள் பிள்ளை போல வளர்த்தவை. நீங்கள் சாவியை என் கையில் கொடுக்கும்போது எங்கள் பெண் ஸ்வாதியைப் பார்த்துக்கொள்வதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, மீனைப் பற்றித்தான் சொன்னீர்கள். மீன்கடை ஜெபக்குமாரை வரவழைத்தேன். அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். பூச்சி. மீனு மேல ஒட்டிகினு ரத்தம் குடிக்கும், அப்பால கீய வியுந்து மண்ணுல குட்டி போடும். காப்பர் மருந்து ஊத்துனா பூச்சி சாவும். ஆனா இந்தத் தொட்டில ஊத்துனா பவளம் இறாலு எல்லாம் பூடும். மீன மட்டும் ட்ரம்முல போட்டு மருந்து குடு. இந்தத் தொட்டி எழுவத்தாறு நாளு மீனு இல்லாம கெடக்கட்டும். சோறு இல்லாத பூச்சி தானா செத்துப்பூடும். நடுவுல ஒரு மீனு உள்ள போனாலும் மறுபடி ஒண்ணுலேந்து எண்ணணும், சொல்டேன்."

பிடிப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். காலை ஒன்பது மணிக்கு வலையோடு ஆரம்பித்து மாலை நான்கு மணிக்குக் கொசுவலையோடு முடித்தோம். நீல மீன் கல் இடுக்கில் போய் முள்ளை விரித்துக்கொண்டு படுத்துவிட்டதால் ஒவ்வொரு கல்லாக வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த வரிசையில் நம்பர் ஒட்டினேன், ஈரத்தில் நம்பரெல்லாம் உதிர்ந்துவிட்டது. உங்கள் பவளங்கள் இப்போது கிழக்குப் பார்த்து இருக்கின்றன. அதில் அத்தைக்குப் பரம திருப்தி.

அன்றிலிருந்து நான்கு மீனும் பால்கனியில் நீல ட்ரம்மில் மருந்துத் தண்ணீரில் இருக்கின்றன. எட்டு நாளைக்கு ஒரு முறை பாதித் தண்ணீரை மாற்றுகிறோம். புள்ளி அடியோடு மறைந்து, சோறே காணாத மாதிரி இரைக்குப் பாய்கின்றன. நான் பழைய ஆபீஸ் முறைப்படி பதிவேடு போட்டு, காலையும் மாலையும் வெறும் தொட்டியைப் பார்வையிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். இன்று இருபத்து நான்காம் நாள். எழுபத்தாறாம் நாள் ஆகஸ்ட் இருபது. நீங்கள் வருவது இருபத்திரண்டு. கதவைத் திறந்ததும் நான்கு மீனும் தொட்டியில் உங்களை வரவேற்கும். இது நான் கொடுக்கும் வாக்கு. விளக்குப் போட்ட தொட்டி காலியாக இருப்பதைப் பார்க்க அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவளையும் விதிமுறைக்குக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறேன்.

இருவரும் தீர்க்காயுசோடு, நோய்நொடி அண்டாமல் இருக்க எங்கள் ஆசி.

இப்படிக்கு,
பாலசுப்ரமணியன்

பி.கு.: கடிதத்தைப் படமெடுத்து அனுப்பப் போனை எடுக்க முன்னறைக்கு வந்தேன். தொட்டியில் நீல மீன் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே மஞ்சள் மீன். ஆரஞ்சு ஜோடியும் பழைய இடத்தில் குடியேறிவிட்டது. அத்தையைக் கேட்டேன். "காலையில மாத்தினதோட மூணு தண்ணி ஊத்தியாச்சு. முத்தும் இறங்கிடுச்சு. அப்புறமும் புள்ளைங்கள பால்கனியிலயே வெச்சிருப்பாங்களா? நல்ல நேரம் பார்த்துதான் வீட்டுக்குள்ள அழைச்சேன்" என்கிறாள். எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றியதையெல்லாம் அவள் அம்மைக்குத் தலைக்கு ஊற்றிய கணக்கில் சேர்த்திருக்கிறாள். நாளைக் காலை மறுபடி எல்லாக் கல்லையும் எடுக்கிறோம். நாளைக்குத்தான் ஒன்றாம் நாள், எழுபத்தாறாம் நாள் செப்டம்பர் பதிமூன்று. ஸ்வாதியை எதிர்பார்த்து எங்களுக்குக் கண் பூத்துக் கிடக்கிறது, இருந்தாலும் டிக்கெட்டை இருபத்து நான்கு நாள் தள்ளிப்போட முடியுமா என்று விசாரிக்கவும். காரணம் உங்கள் ஆபீஸ் வேலை என்றே அவளிடம் சொல்லிவிடுங்கள்.