தாய்மாமனுக்குப் பத்திரிகை வராத காரணம்

பெரியநாயக்கன்பாளையம்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் நஞ்சுண்டன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் நாச்சிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மணப்பெண் லோகப்பிரியாவும் நலம். தங்கள் தங்கை சென்னியம்மாள் என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது, மற்றபடி நலம். கருமத்தம்பட்டியில் தங்கள் நலமும் தறிகளின் நலமும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தாய்மாமனுக்கே அழைப்பில்லை, மற்றவர்கள் போனில் வந்த பத்திரிகையில் தங்கள் பேரும் இல்லை, அதனால் சீரோடு வரப்போவதில்லை என்று தாங்கள் சொன்னதாகக் கேள்வி. சத்தியமாக அது என் வேலை இல்லை மச்சான். கம்ப்யூட்டரில் மகள் லோகு போட்டுக் கொடுத்த ஏஐ ஏஜென்ட் செய்த வேலை. காரியத்தைச் சொன்னால் போதும், டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலில் அதுவே கட்டளை அடித்து முடித்துவிடும். சொந்தக்காரர் பட்டியலைச் சரிபார்த்து, தாய்மாமன் பேரையும் அதிலிருந்தே எடுத்துப் போட்டுப் பத்திரிகை அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் "செய்யட்டுங்களா?" என்று கேட்டது. அத்தனை தன்மையாகக் கேட்பவரிடம் மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டா? எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். "நஞ்சுண்டன் ரெண்டு தடவை இருக்கிறார், நீக்கட்டுங்களா?" என்றது. அதற்கும் சரி போட்டேன். ரெண்டையும் நீக்கிப்போட்டது. கம்ப்யூட்டரில் இருந்த என் பட்டறையின் பம்புசெட் டிராயிங்கும் கூடவே போயிற்று.

லோகு தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்கப்பா, கட்டளைய நம்ம மெசின்லயே ஓட உடுவாங்களா? பேக்எண்டைக் கிளவுட் சாண்ட்பாக்ஸுக்கு மாத்துங்க" என்றாள். கட்டளை எங்கே ஓடுவது என்பதுதான் பேக்எண்டாம். சாண்ட்பாக்ஸ் என்றால் எங்கியோ தூரத்துல அதுக்குத் தனி ரூம் புடிச்சுக் குடுக்கற மாதிரி, உள்ள எதைப் போட்டு உடைச்சாலும் நம்ம ஊட்டுச் சாமான் தப்பிச்சுக்கும். நானே உக்காந்து மாத்துனேன், ரூம் சாவி மாதிரி ஒரு கீயை ஒட்டு, ரூம் எத்தனை நிமிசத்துக்குன்னு சொல்லுன்னு வரிசையாக் கேட்டுது, கடைசில வெளிய போக நெட் வேணுமான்னு ஒரு கேள்வி. கல்யாண வேலை கிடக்குது, இதுக்கு வெளிய என்ன சோலின்னு வேண்டாம்னு அமுக்குனேன். என் ஆயுசுல நான் வேண்டாம்னு சொன்னது அந்த ஒருக்காத்தான் மச்சான். பட்டியலை மறுபடி அடிச்சு, உங்க பேரைப் பெரிய எழுத்துல முதல்ல போட்டு அனுப்பச் சொன்னேன். "அறுநூறு பேருக்கும் அனுப்பியாச்சுங்க"ன்னுது. பவானிப் பெரியம்மாவுக்குப் போன் போட்டா, ஒண்ணும் வரலைங்கறாங்க. நெட் இல்லாம அத்தனையையும் அந்த ரூமுக்குள்ளயே அடுக்கி வெச்சிருக்குது, நேரம் முடிஞ்சதும் ரூமே கலைஞ்சுபோச்சு. மாமா வராம மணவறைல உக்கார மாட்டேன்னு லோகு சொல்லிப்போட்டா. எனக்குப் பயமா இருக்குதுங்க மச்சான்.

தங்கள் தறிகள் நூல் அறாமல் ஓடக் குலசாமி துணையிருக்கட்டும். குற்றம் மெசினுடையது, என்னுடையது அல்ல என்பதை மட்டும் தயவுசெய்து நம்பவும்.

இப்படிக்கு,
ப. நாச்சிமுத்து

பின்குறிப்பு: நெட்டைத் திறந்துவிட்டு, இந்தக் கடிதத்தையும் ஏஜென்டிடம்தான் கொடுத்தேன். அனுப்பியாச்சுங்க என்றது. நெட்டைத் திறந்த பிறகு நான் சேவ் அமுக்கவே இல்லை, அதனால் கடிதம் அந்த ரூமைத் தாண்டியிருக்காது என்கிறாள் லோகு. ஆகவே பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து, இந்த நாலு வரியைப் பேனாவால் எழுதி, தங்கள் கேட்டுக்கு அடியில் செருகுகிறேன். தாம்பூலத் தட்டோடு சென்னியம்மாள் பக்கத்தில் நிற்கிறாள். முதல் நாளே இப்படி வந்து அழைத்திருக்க வேண்டும், மெசின் மேல் தப்பில்லை என்கிறாள். ஆமாங்க மச்சான். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கேட்டைத் திறக்கவும்.