இடது இறக்கைத் தொட்டி ஒரு சொட்டும் ஒழுகவில்லை

யாவோர்கா,
புதன்கிழமை காலை

பாசத்துக்குரிய மச்சான் ஓல்டாவுக்கு,

உன் அத்தான் விதெக் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா க்வியேதா, இடது இறக்கையில் உள்ள பெட்ரோல் தொட்டி, மூவரும் சுகம். அங்கே நீ, உன் மனைவி, கல்யாணப் பெண் ரொசாலியே, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் நிலம், நால்வரும் சுகமாக இருக்க வேண்டும். நிலத்தை ஏன் விசாரிக்கிறேன் என்றால், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அதில்தான் வந்து இறங்கப் போகிறேன். ஆமாம், விமானத்தில்! நான் என் கையால் கட்டிய விமானத்தில்! பசுக்களை ஒன்பது மணிக்கே ஓட்டிவிடு.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. ரொசாலியேவுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, நம் களஞ்சியத்தில் நான்கு பலகையும் ஒரு வரைபடமும் மட்டும் கிடந்த காலத்தில், "மாமா, என் கல்யாணத்துக்கு நீங்க இதுல பறந்துதான் வரணும்" என்றாள். நான் சரி என்றேன். நீ பின்னால் நின்று, "அப்ப என் பொண்ணு கிழவியானப்புறம்தான் கல்யாணம்" என்று சிரித்தாய். பதினொரு வருஷமாக அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது மச்சான். அதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஆணியும் அடித்தேன்.

ஆனால் போன மாதம் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இஞ்சின் அருமையாக ஓடுகிறது, சிறகுகள் நேராக இருக்கின்றன, சோதனை அதிகாரி வரவேண்டியதுதான் பாக்கி என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தபோது களஞ்சியத்திலிருந்து க்வியேதா கத்தினாள், "ஏங்க, இங்க வந்து பாருங்க, வாத்தெல்லாம் குடிச்சவன் மாதிரி நடக்குது!" ஓடிப் போய்ப் பார்த்தால் இடது இறக்கைக்கு அடியில் பெட்ரோல் சொட்டுகிறது, வாத்துகள் அந்த வாடையில் கிறங்கிப்போய்ச் சுவரில் முட்டுகின்றன. வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே தேங்காய்த் துருவல் போல வெள்ளை வெள்ளையாகப் பூச்சு உரிந்து கிடக்கிறது. இப்போதெல்லாம் பம்பில் வரும் பெட்ரோலில் ஆல்கஹால் கலக்கிறார்களே, அது நான் தொட்டிக்குள் பூசிய பிசினைத் தின்றுவிட்டது. வலது தொட்டி மட்டும் கல்லு மாதிரி இருக்கிறது. ஏன் அது மட்டும் என்று கேட்பாய். வலது தொட்டிக்குப் பிசின் கலந்தது க்வியேதா, கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு அளக்கும் அதே தராசில், கிராம் பிசகாமல். இடது தொட்டிக்குக் கலந்தது நானும் பக்கத்து வீட்டு ஸ்பின்யெக்கும், ரேடியோவில் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம் கேட்டுக்கொண்டு, குத்துமதிப்பாக. அன்று நம் அணி ஜெயித்தது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் தாராளமாகக் கலந்திருக்கலாம்.

இறக்கையை மேல்பக்கமாக அறுத்துத்தான் தொட்டியைத் திறக்க முடிந்தது. ரம்பம் இறங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. "டேய், உன் பிள்ளைக்கா ஆபரேஷன் பண்றோம், அழுவாதடா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஸ்பின்யெக் திட்டினான். பழைய பூச்சை மூன்று நாள் சுரண்டினோம். புதுப் பூச்சை, ஆல்கஹால் தாங்கக்கூடியதை, க்வியேதாதான் கலந்தாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க, ரேடியோவையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். அதன்பின் மூடி ஒட்டி, தொட்டியின் வாயில் அவளுடைய ரப்பர் கையுறையை மாட்டிக் காற்றடித்தோம். இறக்கையிலிருந்து ஒரு மஞ்சள் கை எழுந்து நின்று எங்களைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்தது. நாள் முழுக்க விரித்தபடியே நின்றது, மச்சான்! நானும் பதிலுக்குக் கை காட்டினேன்.

அப்புறம் சோதனை அதிகாரி குட்லாச்செக் வந்தார். மெலிந்த மனிதர், சிரிக்கவே மாட்டார். கையுறையைப் பார்த்துவிட்டு, "காத்து நிக்குது, சரி. ஆல்கஹால் நிக்குமா? ஒரு வாரம் ஊத்தி வச்சுக் காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார். நானும் ஸ்பின்யெக்கும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் ஞாபகம் வந்தது, எங்கள் நிலவறை.

மச்சான், உட்கார்ந்துகொள். ரொசாலியே பிறந்த வருஷம் நீ வடித்து, அவள் கல்யாணத்தன்று திறக்க வேண்டும் என்று அரக்கு வைத்து எங்கள் நிலவறையில் ஒப்படைத்தாயே, இருபத்தைந்து லிட்டர் பிளம் சாராயம், அதைத்தான் தொட்டியில் ஊற்றினேன். கத்தாதே! முழுக்கப் படி. பாதிக்கு மேல் ஆல்கஹாலான ஐம்பத்திரண்டு டிகிரி சாராயத்தைத் தாங்கிய பூச்சு பெட்ரோலுக்கா பயப்படும்? அதோடு அதை எப்படியும் நான்தான் கல்யாணத்துக்குக் கொண்டு வரவேண்டும். பஸ்ஸில் கொண்டு வந்தால் ஜாடி உடையும். இடது தொட்டியில் சாராயம், வலது தொட்டியில் பெட்ரோல், வலதிலிருந்து மட்டும் இஞ்சின் குடிக்கும், நாற்பது நிமிஷப் பயணம். மணமகளின் சாராயம் வானத்திலிருந்து இறங்கிய கல்யாணம் நம் மொராவியாவில் எங்காவது நடந்திருக்கிறதா?

இடது இறக்கைக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். எட்டு நாள் ஆகிறது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. எங்கள் விமானச் சங்கத்துக்காரர்கள் என் மேல் வைத்திருக்கும் அக்கறையை நான் இதுவரை அறியாமல் போய்விட்டேன். பறப்பதற்கு முன் தொட்டியின் அடித் திருகை அழுத்தி ஒரு கண்ணாடிக் குவளையில் மாதிரி பிடித்து, தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது எங்கள் பழக்கம். பதினான்கு பேரும் தினமும் காலையும் மாலையும் வந்து மாதிரி பிடித்துப் பார்க்கிறார்கள். "பாதுகாப்பு விஷயத்துல ஒரு தடவை பார்த்தா போதாது விதெக்" என்று சொல்லி இரண்டாம் முறையும் பார்க்கிறார்கள். பத்து வருஷமாக என் களஞ்சியப் பக்கம் எட்டிப் பார்க்காத தீயணைப்புக்காரர்கள்கூட வந்தார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள்!

நேற்று குட்லாச்செக் வந்து, செய்தித்தாளைத் தடவிப் பார்த்தார், தானும் மாதிரிக்கு ஒரு குவளை பிடித்தார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார், இன்னொன்றும் பிடித்தார். அப்புறம் அந்த மனிதர் சிரித்தார், மச்சான்! "ஒழுகல்ல. தண்ணியும் கலக்கல. இப்படி ஒரு தொட்டிய என் உத்தியோகத்துலயே பார்த்ததில்ல" என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் இப்போது தட்டு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. நான் அரை மணிக்கு ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

க்வியேதா வழக்கம்போல விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறாள். "நீங்க ஹாக்கி கேட்டுக்கிட்டே வேற எதெதுல ஆணி அடிச்சீங்களோ" என்கிறாள். கொலாச் ரொட்டிக் கூடைகளோடு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருவாள், நிறுத்தத்துக்கு யாரையாவது அனுப்பு. சாராயத்தைப் பற்றிக் கவலையே படாதே. உலகத்தில் இதைவிட நன்றாகச் சோதிக்கப்பட்ட பாத்திரம் கிடையாது.

மணமக்கள் நூறாண்டு இணைபிரியாமல் இருக்கட்டும், உன் பசுக்கள் நிறையக் கறக்கட்டும், சனிக்கிழமை காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசட்டும்.

உன் அன்புள்ள அத்தான்,
விதெக்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். எடைக் கணக்குப் போட வேண்டும் என்று இப்போதுதான் தொட்டிக்குள் அளவுக்குச்சியை விட்டேன். குச்சி காய்ந்து வந்தது. குச்சியைத் தலைகீழாக்கி உள்ளே விட்டேன், அப்போதும் காய்ந்து வந்தது. கீழே செய்தித்தாளும் காய்ந்துதான் கிடக்கிறது. க்வியேதாவைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்து, திருகுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த பதினாலு குவளைகளையும் எண்ணிவிட்டு, "தொட்டி ஒழுகலைங்க. உள்ள இருந்தது நடந்து போயிருக்கு, பதினாலு ஜோடிக் காலால" என்றாள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் இறக்கையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், "ஊரே சேர்ந்து குடைஞ்சும் ஓட்டை விழல. நான் கலந்ததாச்சே. சரி, நானும் வரேன்" என்றாள். பதினொரு வருஷமாகப் பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது இருக்கையின் பிளாஸ்டிக் உறையை இப்போதுதான் பிரித்தேன், மச்சான். ஆகவே பஸ் நிறுத்தத்துக்கு யாரையும் அனுப்பாதே. குடிக்க வேறு ஏதாவது ஏற்பாடு செய்துகொள். ரொசாலியேவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே வந்து சொல்கிறேன், இஞ்சினை அணைக்காமல்.