மாமனாரின் காலி நாற்காலி

பொறாமைப்படுவதற்கென்றே ஏற்பட்ட உறவு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் சகலை. நல்ல சகலை வாய்த்தவர்கள் என்னை மன்னிக்கவும். எனக்கு வாய்த்தவர் ரொம்ப ரொம்ப நல்லவர். அதுதான் பிரச்சினையே.

என் மாமனாருக்குக் கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீஸ். (எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்.) மூத்த மகளைக் கட்டிய நான் கோவில்பட்டியில் பெயின்ட் கடை வைத்திருந்தேன். இளையவளைக் கட்டியவருக்கு சென்னையில் மருந்துக் கம்பெனி வேலை. அவர் வந்தால் மாமனார் வீட்டில் வெள்ளாட்டுக் கறி மணக்கும். நான் போனால், "சாப்பிட்டாச்சா?" என்று வாசலிலேயே கேட்பார். (ஆச்சு என்றுதான் சொல்ல முடியும்.)

இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் பிந்திய ஒரு கோடையில் சகலை புதிதாக ஒன்றைக் கிளப்பினார். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் பற்றி விழிப்புணர்வு வேண்டும், அதன் ஆராய்ச்சிக்கும் நிதி திரட்ட வேண்டும், அதற்குக் கோவில்பட்டியில் ஒரு கால்பந்துப் போட்டி வைக்கலாம் என்றார். மாமனார் பூரித்துப் போனார். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தவர் மட்டும் நோயின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, "ஆம்பளையளுக்கு வரக்கூடிய ஒரு இது" என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

சகலையின் சென்னை நண்பர்கள் ஓர் அணி. உள்ளூர் அணிக்கு நானே கேப்டன் என்று முந்திக்கொண்டேன். மாமனார் கண்ணெதிரே சகலையை ஒரு நாளாவது மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த விழிப்புணர்வு அவ்வளவுதான்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் ஊர் ஹாக்கி ஊர். நானும் என் ஆட்களும் இருபது வருஷமாக ஹாக்கி ஆடியவர்கள். ஹாக்கியில் பந்து காலில் பட்டால் தப்பு. ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிஷம் பந்து என்னை நோக்கி உருண்டு வந்தது. என் கால் தானாகவே மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. கோல். அடுத்த பந்தைச் சகலை உதைத்தபோது நான் கையைத் தூக்கிக்கொண்டு நடுவரிடம் ஓடி, "சார், கால்ல பட்டுட்டு" என்று முறையிட்டேன். அதற்குள் அதுவும் கோல். கூட்டம் சிரித்த சிரிப்பில் மாமனார் சிரிப்புதான் எனக்குத் தனியாகக் கேட்டது.

அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை, அவர் நாற்காலியைத்தான் பார்த்தேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, கோலுக்குப் போன பந்தை நெஞ்சில் வாங்கித் தடுத்தேன். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. தலையால் முட்டி ஒன்றை வெளியே அனுப்பினேன். அப்போதும் காலி. எழுந்து போகிற ஒவ்வொரு தடவையையும் எண்ண ஆரம்பித்தேன்.

ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். மேடையில் நோயைப் பற்றி டாக்டர் ஒருவர் பேசி முடித்ததும் மாமனார் சகலைக்குப் பொன்னாடை போர்த்தினார். அடுத்து எனக்கு ஒரு துண்டு. அதைத் தோளில் வாங்கியபடியே, பக்கத்தில் மைக் இருப்பதை மறந்து, மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"நான் ஆடுத நேரமெல்லாம் எந்திரிச்சிப் போயிட்டீங்களே மாமா. ஒருதரம் ரெண்டுதரம் இல்ல, அஞ்சு தரம். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

மைதானமே கேட்டது. மாமனார் முகம் கறுத்துவிட்டது. என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் மட்டும் மெதுவாகத் திரும்பி, "ஒன்றரை மணி நேரத்தில் அஞ்சு தடவையா சார்? எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

முன்வரிசையில் இருந்த மாமியார்தான் எழுந்து பதில் சொன்னார்.

"ஒரு வருசமா இப்படித்தான் டாக்டர். ராத்திரி ஒண்ணுக்குப் போயிப் போயித் தூக்கமே கெடையாது. கேட்டா, குளிருதுன்னு சொல்லுதாவ."

(கழுகுமலையில். சித்திரை மாசத்தில்.)

மறுவாரமே மதுரையில் பரிசோதனை. அவருக்கே அந்த நோய் இருந்தது. ஆரம்பக் கட்டம்தான், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்களாம். ஆபரேஷன் முடிந்து ஆள் தேறிவிட்டார். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது யார் என்கிறீர்கள்? சின்ன மாப்பிள்ளைதான். வருகிறவர்களிடமெல்லாம் மாமனார், "சின்ன மாப்பிள போட்டி வச்சாரு, நான் பொழச்சேன்" என்று சொன்னார். எண்ணியவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைக்கில் மானத்தை வாங்கியவனிடம் ஆறு மாசம் பேசவும் இல்லை.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அவர் நாற்காலியை விட்டு எழுந்தால், வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்து, "எத்தனாவது?" என்று கேட்கும். போன மாதம் ஒரு வளைகாப்பில் எண்பதைத் தாண்டிய மாமனார் சகலையோடு பேசிக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து என் பக்கம் வந்தார். குனிந்து காதோடு சொன்னார்.

"இதோட ரெண்டு, மாப்பிள. சரிதான?"

சரிதான் என்றேன். சகலையிடம் அவர் இதுவரை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.