டிக்கெட் அண்ணாத்தயும் இறங்கிய ஷட்டர்களும்

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் பஸ் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தன் மண்டைக்குள் ஏறிய நினைப்பிடம் டிக்கெட் கேட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பஸ்ஸை ஓட்டினார் என்பதில் எனக்கு இன்றுவரை தலைகால் புரியாத பெருமை.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போய்வந்த நாங்கள் சேர்ந்து ஒரு தனியார் பஸ்ஸை வாடகைக்குப் பேசியிருந்தோம். டிரைவருக்குப் பெயர் உண்டு, யாரும் கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது, ஆனாலும் அவர் டிக்கெட் அண்ணாத்த.

முதல் நாள் நான் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நேரே ரோட்டைப் பார்த்தபடி, "டேய், எங்க ஏறின நீ? டிக்கெட் கீதா?" என்றார். பதறிப்போய் ஆபீஸ் அடையாள அட்டையை நீட்டினேன்.

"உன்ன இல்ல சார். இங்க ஒருத்தன் ஏறிகினான்" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

விஷயம் இதுதான். அண்ணாத்த ஒரு காலத்தில் மொடாக்குடியர். செங்கல்பட்டில் ஒரு சிகிச்சை மையத்தில் சேர்ந்து மீண்டவர். அங்கிருந்த கவுன்சிலர் அம்மா அவருக்குக் கொடுத்தது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். குடிக்கச் சொல்லும் நினைப்பு வந்தால் அப்படியே நம்பாதே, ஆதாரம் கேள். குடியை ஞாபகப்படுத்தும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போ. மற்றவர்கள் இதைப் பாடமாகக் கேட்டார்கள். அண்ணாத்த பஸ் ரூல்ஸாக எடுத்துக்கொண்டார். ஆதாரம் இல்லாத நினைப்பு டிக்கெட் இல்லாத ஆசாமி. வழியிலேயே இறக்கிவிட வேண்டும்.

"ஊத்திகினா தூக்கம் வரும்ன்றியா? போன தபா ஊத்திகினு எங்க தூங்கினேன்? சாக்கடை ஓரம். எறங்கு!" என்று நிஜமாகவே வண்டியை ஓரங்கட்டுவார். ஒருமுறை அந்த நேரம் பார்த்து ஒரு கீரைக்காரம்மா கூடையோடு ஏறிவிட்டார்.

எங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மேனேஜருக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்று ஒருவர் புலம்பினார்.

"ஆதாரம் இன்னா?"

"நேத்து வணக்கம் சொன்னேன், கண்டுக்கவே இல்ல."

"கண்ணாடி போட்னு இருந்தாரா?"

"இல்ல... கழட்டித் துடைச்சிட்டிருந்தார்."

"எறக்கி வுடு சார் அந்த நெனப்ப."

'சுற்றிக்கொண்டு போ' என்பதைத்தான் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டார். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு திருப்பத்தில் அவருடைய பழைய ஒயின் ஷாப். அதைத் தவிர்க்க மாமல்லபுரம் போய், கடலோரமாகக் கல்பாக்கம் சேர்வார். வேலைக்குப் போகிற வழியில் தினமும் சுற்றுலா போன கூட்டம் நாங்கள். வெள்ளைக்காரர்கள் கை காட்டுவார்கள். நாங்கள் டிபன்பாக்ஸைத் தூக்கிக் காட்டுவோம்.

அதற்காக அரைமணி முன்னதாக எழுந்தும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பஸ் முதலாளி அவர் மனைவியின் அண்ணன். "ஒரு நாள் நாத்தம் வந்துச்சு, சாவிய குடுத்துட்டு போய்கினே இரு. தங்கச்சியையும் அனுப்ப மாட்டேன்" என்பதுதான் பேச்சு. மனைவி அண்ணன் வீட்டில்தான் இருந்தார். தினமும் சாயங்காலம் வண்டி நின்றதும் மச்சான் வந்து மோந்து பார்ப்பார். டீசல் போனாலும் போகட்டும் என்று அவரும் விட்டிருந்தார்.

ஒரு ஐப்பசி மழை. சாயங்காலம் திரும்பும்போது மாமல்லபுரம் ரோட்டில் வெள்ளம். நேர்வழி ஒன்றுதான் பாக்கி.

திருப்பத்துக்குச் சற்று முன்னால் அண்ணாத்த வண்டியை நிறுத்திவிட்டார். எதிரே கடையின் டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. வறுத்த மீன் வாசனை வேறு.

"சார், ஏறிட்டான்" என்றார்.

"இன்னா சொல்றான்?" என்று பின்சீட்டு வெல்டர் கேட்டார்.

"மழைக்கு ஒண்ணே ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆவாதுன்றான்."

"டிக்கெட் கேளுங்க அண்ணாத்த!" என்று பஸ்ஸே கத்தியது.

அவர் கேட்கவில்லை. கை மெல்லக் கதவுப் பக்கம் போனது. யார் தொடங்கினார்களோ தெரியாது, ஒரு ஜன்னல் ஷட்டர் தடாலென்று விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. பஸ் முழுக்க இருட்டு. அவர் கண்ணில் கடை படாமல் இருக்க நாங்கள் செய்த மாபெரும் ஏற்பாடு.

அண்ணாத்த திரும்பிப் பார்த்தார். "சார், அல்லாத்தையும் மூடிட்டீங்க, சரி. எனக்கு முன்னாடி இம்மாம் பெரிய கண்ணாடி கீதே, அதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு நாங்கள் எல்லோரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய், நான் எப்போடா ஒண்ணோட நிறுத்திகீறேன்? எறங்கு!" என்று கியரைப் போட்டார். பஸ் கடையைத் தாண்டியது.

செங்கல்பட்டு வந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மழையில் நனைந்தபடி நின்றோம். மச்சான் மோந்தார். நம்பாமல் இன்னொரு தடவை மோந்தார்.

"எந்த வழியா வந்தீங்கோ?"

"நேர்வழி!" என்றோம் எல்லோரும்.

அடுத்த வாரம் அண்ணாத்தயின் டிபன்பாக்ஸில் மனைவி வைத்த மீன்குழம்பு இருந்தது. மூடியைத் திறந்து ஒவ்வொருவருக்கும் காட்டினார். தொடத்தான் விடவில்லை.

அதன் பிறகு நேர்வழியிலேயே போனோம். அந்தத் திருப்பம் வந்தால் மட்டும் ஷட்டர்கள் விழும். புதிதாகச் சேர்ந்தவர்கள் வெயிலுக்காக என்று நினைத்து அவர்களும் இறக்கினார்கள்.

அண்ணாத்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. ஒயின் ஷாப் இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. நான் போகும் ஏசி பஸ்ஸில் ஷட்டரும் இல்லை. அந்தத் திருப்பம் வந்தால் அவருக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.