சும்மா இதால

"எங்கை போறீர்?"

"சும்மா இதால."

"இதால எண்டா?"

"இதாலதான். உதிலை அங்கால வரைக்கும்."

சரோஜாதேவி காரின் இடப்பக்கச் சன்னலுக்குள் விட்டிருந்த தலையை வெளியே எடுத்தாள். ஓக்லாந்து நகரத்து ஹில்ஸ்பரோவில் அவர்களுடைய வீட்டு வாசல். சனிக்கிழமை காலை பத்து மணி. கார் கராஜ் கதவைப் பார்த்தபடி நின்றது. அந்தக் கதவுதான் கனடா. கார் நிற்கும் இடம் அமெரிக்கா. பருப்பு அடுப்பில் இருந்ததால் அதிகாரியின் கையில் ஒரு கறிக்கரண்டி இருந்தது.

"இஞ்சேருங்கோ, கனடா ஒபிசர் எங்கை போறியள் எண்டு கேக்கிறான். அவனுக்கும் 'சும்மா இதால' எண்டுதான் சொல்லுவியளோ?"

"வேற என்னத்தைச் சொல்றது?"

"ரொறன்ரோவுக்கு. மச்சாளைப் பாக்க."

தியாகலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "அதை ஏன் அவனுக்குச் சொல்லோணும்? பிறகு தவமலருக்கல்லோ கரைச்சல்."

சரோஜாதேவிக்குத் திக்கென்றது. இருபத்துநாலு வருடம் இந்த மனிதனோடு வாழ்ந்தாயிற்று. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மேலாளரோடு ஆங்கிலத்தில் வாதாடி இரண்டு தடவை ஷிப்ட் மாற்றிக்கொண்டவர். அவருக்குள் இப்படி ஒரு ஆள் குந்தியிருப்பதை அவள் இத்தனை நாளும் காணவேயில்லை.

பயணம் இன்னும் மூன்று வாரத்தில். மகள் பிரணவிக்கு அமெரிக்காவில் பஃபலோவில் பட்டமளிப்பு. அது முடிந்த மறுநாள் அவள் தன் காரில் இவர்களை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தால் கனடா. அங்கிருந்து இரண்டு மணித்தியாலம் ஓடினால் ரொறன்ரோவில் சரோஜாதேவியின் அக்கா தவமலர். தவமலருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவளால் எங்கேயும் போக முடியாது. தங்கைதான் போக வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று டாக்டர்கள் யாரும் எழுதித் தரவில்லை.

இருந்தும், பிரணவி முதல் தடவை கேட்டபோது சரோஜாதேவி லீவு கிடைக்காது என்றாள். இரண்டாம் தடவை இடுப்பு வலி என்றாள். இரண்டுமே பொய் என்று அவளுக்குத் தெரியும்.

விமான நிலையம் என்றால் அவளுக்குப் பயமில்லை. அங்கே கூரை இருக்கிறது, வரிசை இருக்கிறது, முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்யலாம். வாகனத்தை மறித்து, சன்னலுக்குள் ஒரு தலை குனிந்து கேட்பது வேறு. பத்தொன்பது வயதில், ஊரில் வவுனியாவுக்குக் கிட்ட ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில், அப்படி ஒரு தலை குனிந்து அவளிடம் கேட்டது. பெரிய கேள்வி ஒன்றுமில்லை. அவளுடைய பெயர்தான். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த தவமலர் தங்கைக்காகப் பதில் சொன்னாள். உன்னிடமா கேட்டோம் என்று தவமலரை இறக்கிக்கொண்டு போனார்கள். நாலு மணித்தியாலம். திரும்பி வந்தவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கடையில் தங்கைக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான். அந்த நாலு மணித்தியாலத்தைச் சரோஜாதேவி தன் கணவனுக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

மூன்றாம் தடவை பிரணவி கேட்டபோது, அவள் என்ன சாக்குச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே தியாகலிங்கம் குறுக்கே விழுந்தார்.

"எனக்குப் பயமாக் கிடக்குது பிள்ளை. காரை மறிச்சு ஒருத்தன் கேட்டா நான் என்னத்தைக் கதைக்கிறது? நான் வரேல்லை."

"உங்களுக்கென்ன பயம்?" என்று சரோஜாதேவி பாய்ந்தாள். "ஒரு ஆம்பிளை இப்பிடிக் கதைக்கலாமோ? நான் சொல்லித்தாறன்."

அப்படித்தான் ஹில்ஸ்பரோ வாசலில் கனடா முளைத்தது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரமே அவள் தெருமுனைச் சில்லறைக் கடையில் எழுத ஒரு கொப்பி வாங்கினாள். பதினெட்டுக் கேள்வி, பதினெட்டுப் பதில். ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழிலும் எழுதினாள். கேள்விகளைத் தேடித் தேடி எழுதினாள். சொல்லிக் கொடுப்பவளுக்குப் பயப்பட நேரம் ஏது?

"ஒரு கிழமைக்குள்ள பாடமாக்கிப்போடோணும்."

தியாகலிங்கம் சொன்னபடி செய்தார். குளியலறையில் படித்தார். வேலைக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலையில் படித்தார். ஒரே ஒரு குறை, வரிசையாகத்தான் சொல்ல வந்தது.

"கார் ஓட்டுறது ஆர்?" என்று சரோஜாதேவி நடுவில் இருந்து கேட்டாள்.

"ஃபோர்ட்டீன் டேய்ஸ், சேர்."

"எத்தினை நாள் நிக்கப்போறியள்?"

"ஷீ இஸ் மை டோட்டர், சேர்."

"ஐயோ! இடம் மாறிப்போச்சு!"

"நீர் கேள்வியை இடம் மாத்தினா நான் என்ன செய்ய?"

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குப் போய்விட்டு, காரில் இருந்தபடியே கோப்பி வாங்கும் சன்னலில் நிறுத்தினார்கள். உள்ளேயிருந்த சின்னப் பெண் தலையை நீட்டி, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்.

தியாகலிங்கம் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் சொன்னார்: "நத்திங், மேடம். ஃபெமிலி விசிட். ஃபோர்ட்டீன் டேய்ஸ். வீ வில் கோ பேக்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டிருந்த சரோஜாதேவியைப் பார்த்தாள், மனமிரங்கி ஒரு மஃபினைச் சும்மா கொடுத்துவிட்டாள்.

சரோஜாதேவி மகளுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

"அம்மா, ஜஸ்ட் லெட் ஹிம் பி நோர்மல்."

"கொப்பா நோர்மலா இருந்து நீ எப்ப பாத்தனி?"

"டேய்க் தி புக் அவே, தென்."

கொப்பியைப் பறித்துக்கொண்டாள். பாடமாக்கினது போதும், உண்மையைச் சொன்னால் போதும் என்று புதுச் சட்டம் வந்தது. அதிலும் பொருட்கள் விஷயத்தில் அவள் கண்டிப்பாக இருந்தாள். ஓக்லாந்து விமான நிலையத்தில் ஒருமுறை கைப்பையில் மறந்துபோன ஒரு அப்பிளுக்குத் தண்டம் கட்டியவள் அவள். அன்றைக்குப் பிறகு, சொல்லாமல் விடுவதைவிடச் சொல்லித் தொலைப்பது மேல் என்பது அந்த வீட்டின் கொள்கை.

"கொண்டு போறது எல்லாத்தையும் மறைக்காமச் சொல்லிப்போடுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ. விளங்கிச்சோ?"

"ஓம்."

அடுத்த சனிக்கிழமை அவள் மறுபடி சன்னலுக்குள் குனிந்தாள். "என்ன கொண்டு போறியள்?"

"மிளகாய்த்தூள் ரண்டு பைக்கற். ஒடியல் மா ஒரு பைக்கற். என்ரை பிறஷர்க் குளிசை. மனிசியின்ரை தலைமயிருக்குப் பூசுற சாயம், கறுப்பு, ரண்டு பெட்டி."

"அது ஏன்?"

"மறைக்க வேண்டாம் எண்டனீர். மனிசிக்கு மேல்வரிசையில ரண்டு கட்டுப்பல்லு. அது இந்தியாவில கட்டினது எண்டபடியா வெளிநாட்டுச் சாமான்."

சரோஜாதேவி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டு மார்கரெட் ரோசாச் செடி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இரவு படுத்தபோது சரோஜாதேவி ஒன்றைக் கண்டுபிடித்தாள். இரண்டு வாரமாக அவள் சாவடியைக் கனவில் காணவில்லை. கனவில் வருவதெல்லாம் இந்த மனிதனும் அவருடைய பதில்களும்தான். இவரால் பாலத்தின் நடுவில் வைத்துத் திருப்பி அனுப்பப்படுவோம், தவமலர் அந்தக் கரையில் காத்துக்கொண்டேயிருப்பாள் என்று நினைக்க, ஆத்திரத்தில் தூக்கம் போனது.

புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கரண்டி பிடித்த மனைவியிடம் மனிதனுக்குப் பயம் எப்படி வரும்? சீருடை வேண்டும். தியாகலிங்கத்தின் சிநேகிதன் வசீகரன் நியூ லின்னில் ஒரு கடைத்தொகுதியில் செக்கியூரிட்டி. சரோஜாதேவி அவனைக் கூப்பிட்டாள்.

"யூனிஃபோமோட வா தம்பி. வோக்கிடோக்கியும் கொண்டு வா. சிரிக்கப்படாது."

வசீகரன் கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்துடன் வந்தான். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். சன்னலில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"குட் மோர்னிங், சேர்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சரோஜாதேவி வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். தியாகலிங்கம் என்ஜினை நிறுத்தினார். காரை விட்டு இறங்கினார். டிக்கியைத் திறந்தார். ஒத்திகைக்காக அடுக்கியிருந்த இரண்டு பெட்டிகளையும் இறக்கி, வாசல் நிலத்தில் விரியத் திறந்து வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். சொக்ஸைக் கழற்றிச் சப்பாத்தின் மேல் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு கராஜ் கதவைப் பார்த்தபடி நின்றார்.

"அமெரிக்காவில காரை விட்டு இறங்கினாச் சுட்டுப்போடுவாங்கள்!" என்று சரோஜாதேவி கத்தினாள்.

"அண்ணை, கையை இறக்குங்கோ," என்றான் வசீகரன்.

"இன்னும் சோதிக்கேல்லையே," என்றார் தியாகலிங்கம்.

"சனம் பாக்குது அண்ணை!"

"நீர் சோதியும். பிறகு இறக்கிறன்."

பத்து நிமிடம் கெஞ்சியும் கை இறங்கவில்லை. அதற்குள் மார்கரெட் தன் கடமையைச் செய்துவிட்டிருந்தாள். தெருமுனையில் திரும்பி வந்த பொலிஸ் கார் சரியாக அமெரிக்காவின் வாசலில் நின்றது.

ஒரு இளம் பெண் பொலிஸும் நெட்டையான ஒரு ஆண் பொலிஸும் இறங்கினார்கள். வசீகரன் வெளிறிப்போனான். அடையாள அட்டையைத் தேடினான். அது வீட்டில் வேறு சட்டையில் இருந்தது. வாய் குழறியது. தியாகலிங்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"இங்கே என்ன நடக்கிறது?" என்று பெண் பொலிஸ் ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுடைய கண் நின்றவர்களை ஒருமுறை சுற்றிவிட்டுச் சரோஜாதேவியிடம் வந்தது. "உங்கள் பெயர் என்ன?"

இவர்களைக் கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் சரோஜாதேவிக்கு முதலில் தோன்றியது. நான் வாயைத் திறக்காவிட்டால், இவர்களைக் கொண்டு போய்விடுவார்கள்.

"சரோஜாதேவி தியாகலிங்கம்," என்றாள். அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. கேட்காமலே ஒவ்வொரு எழுத்தாகவும் சொன்னாள். "இது என் வீடு. இவர் என் கணவர். அவர் எங்கள் நண்பர். இங்கே குற்றம் ஒன்றும் நடக்கவில்லை."

"உங்கள் கணவர் ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்?"

"பயிற்சி."

"எதற்கு?"

"கனடாவுக்குள் போக."

நெட்டைப் பொலிஸ் கராஜ் கதவைப் பார்த்தான். "இதன் வழியாகவா?"

"இல்லை. பஃபலோ வழியாக. காரில். இதுதான் எங்களுக்கு முதல் தடவை."

"யாரைப் பார்க்க?"

"என் அக்காவை. அவளுக்குச் சுகமில்லை. இருபத்தேழு வருடமாகப் பார்க்கவில்லை. பதினாலு நாள் நிற்போம். பெட்டியில் மிளகாய்த்தூள் இருக்கிறது, ஒடியல் மா இருக்கிறது. அது பனங்கிழங்கு மா, போதைப்பொருள் இல்லை. வேண்டுமானால் திறந்து பாருங்கள். திறந்துதான் கிடக்கிறது."

பெண் பொலிஸ் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பை உதட்டுக்குள் வைத்திருந்தாள்.

"நான் அந்த எல்லையில் நின்றால் உங்களை விட்டுவிடுவேன்," என்றாள். "ஆனால் அங்கே நீங்களே பேசுங்கள். அவரைப் பேச விடாதீர்கள்."

பொலிஸ் கார் போனது. மார்கரெட் அங்கிருந்தே கையை அசைத்து மன்னிப்புக் கேட்டாள். சரோஜாதேவி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். வியர்வை இல்லாமல் காய்ந்திருந்தன. அன்றைக்கு நடந்தவற்றுள் அவளை அதிகம் உலுக்கியது அதுதான். அந்தக் கைகளை வேறு யாருடையதோ போல இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்.

பிறகு கணவனிடம் திரும்பினாள்.

"கேட்டதே, பொலிஸ்காரி என்ன சொன்னவ எண்டு? முன்சீற்றில நான்தான் இருக்கப்போறன். ஆர் என்ன கேட்டாலும் நான் கதைப்பன். நீங்கள் பின்னால படுத்து நித்திரை கொள்ளுங்கோ. மூச்சும் விடப்படாது!"

தியாகலிங்கம் கையை இறக்கினார். "நீர் சொன்னாச் சரி," என்றார் பவ்வியமாக. சொக்ஸைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு தேத்தண்ணி போட உள்ளே போனார்.

"பாத்தியே தம்பி?" சரோஜாதேவி பெட்டியை மூடியபடி பெருமூச்சு விட்டாள். "ஒரு கேள்விக்கு ஒழுங்காப் பதில் சொல்லத் தெரியாத மனிசன். இதை வைச்சுக்கொண்டு நான் எல்லை கடக்கோணும்."

வசீகரன் உள்வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இனிச் சொன்னாப் பறவாயில்லை அக்கா, போன தைப்பூசத்துக்கு நாங்கள் நாலு பேர் சிங்கப்பூரில இருந்து எல்லை தாண்டிப் பத்துமலைக் கோயிலுக்குக் காரிலதான் போனனாங்கள், எல்லையில நாங்கள் மூண்டு பேரும் வாயடைச்சுப்போய் இருக்க, அந்த ஒபிசரோட பகிடி விட்டுக் கதைச்சு எங்களை அங்கால கொண்டுபோனதே அண்ணைதான்."