மாமன் எந்த வட்டத்தில்?

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை தொடங்கியது.

அன்புள்ள மாப்பிள்ளை குமரேசனுக்கு, மாமன் கஜபதி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை அம்சா, அவளைக் கட்டிய என் மகன் சக்திவேல், பேத்தி ஷோபனா, கைக்குழந்தை எல்லோரும் முருகன் தயவில் சுகம். அங்கே நீங்களும், உங்கள் அம்மாவும் என் தங்கையுமான கெங்கம்மாளும், உங்கள் டியூஷனில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் அரக்கோணத்துப் பிள்ளைகளும் தொண்டை கட்டாமல் சுகமாக இருக்க வேண்டும்.

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். எழுத்தெல்லாம் மலைப்படி ஏறுகிறவர்கள் மாதிரி ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். முதியோர் வகுப்புக்குப் போய் இந்த வயதில் வந்த எழுத்து, அவ்வளவு அழகாகத்தான் வரும். நான் எழுத்துக்கூட்டி முதன்முதலில் படித்தது பஸ்ஸில் போட்டிருந்த பொதட்டூர்பேட்டை. படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஆனாலும் அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் நடந்தே போயிருப்பேன். நீங்கள் போனை எடுக்காததால்தான் எனக்குக் கடிதம் எழுதும் பாக்கியம் கிடைத்தது. அதற்கு முதலில் நன்றி.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் புதுக்கணக்கு வந்ததிலிருந்து ஷோபனா வாய்ப்பாடு சொல்லாமல் வட்டம் வட்டமாகப் போடுகிறாள் என்று அம்சா உங்களிடம் அழுதாள். நீங்களும் கணக்கைக் காப்பாற்ற ரயிலேறி வந்தீர்கள். வந்ததும் சாப்பிட்டீர்கள். பிறகு பெற்றோர் கூட்டத்துக்குக் கிளம்பினோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் நீங்கள் எழுந்து நின்றது கண்கொள்ளாக் காட்சி. "எங்க காலத்துல தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுவோம் டீச்சர்" என்றீர்கள். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த அதே நிர்மலா டீச்சர், "தூங்கற பசங்கள எதுக்கு சார் எழுப்பணும்?" என்றார்கள். உங்களுக்கு அப்போதே உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றவில்லை. பெரிய மனிதர்களுக்குத் தோன்றாது. ஷோபனாவைக் கூப்பிட்டு, "ஏழெட்டு எவ்ளோ கண்ணு?" என்று கேட்டீர்கள். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "எட்டேழு எவ்ளோவோ அவ்ளோ மாமா" என்றாள். பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். "அம்பத்தாறுன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று நீங்கள் கேட்க, "வட்டம் போட்டுக் காட்னா தறி ஓடுமா?" என்று அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஒருவர் உங்களோடு சேர்ந்துகொள்ள, கூட்டம் ரெண்டு கட்சியாகிவிட்டது. கடைசி பெஞ்சில் ஒரு அம்மா, "ரெண்டையுந்தான் சொல்லிக் குடுங்களேன், இன்னா இப்போ?" என்றார். அந்த அம்மாவை இரண்டு கட்சியும் முறைத்தன. சண்டைக்கென்று வந்த இடத்தில் இப்படியா பேசுவது.

புதுக்கணக்கு எவ்வளவு சுலபம் என்று காட்டத்தான் டீச்சர் சுவரில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை ஒட்டியிருந்தார்கள். வீட்டு மனிதர்களை வைத்து ரெண்டு வட்டம் போட வேண்டும்; ரெண்டிலும் சேருகிறவர்களை, வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் நடு இடத்தில் எழுத வேண்டும். நம் ஷோபனாவின் படம் எனக்கு நேர் எதிரே இருந்தது. இங்கேதான், மாப்பிள்ளை, தவறு நடந்துவிட்டது. படிப்பு புதிதாக வந்தவனுக்கு எழுத்து கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது. மனசுக்குள் படிக்கும் வித்தையை எங்கள் வகுப்பில் இன்னும் எடுக்கவில்லை. எழுந்து போய், விரல் வைத்து, உரக்கப் படித்தேன். இடது வட்டம், எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். வலது வட்டம், எங்கள் வீட்டுக்கு ஏதாவது கொண்டு வருகிறவர்கள். வலதில் மட்டும் பால்காரரும் கொரியர் அண்ணனும். நடுவில் நைனா, அம்மா, தாத்தா. கடலை மிட்டாய் வாங்கித் தருவதால் எனக்கு அந்த மரியாதை. சபையே அமைதியாகக் கேட்டது. இடது வட்டத்தில் மட்டும் நாய், தம்பிப் பாப்பா, பிறகு கு... ம... ரே... என்று நான் கூட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆனால் ஒரு பெயரை எடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்துவது படிப்புக்கே அவமரியாதை இல்லையா, அதனால் மாமா வரைக்கும் முடித்தேன்.

"நாயும் நானும் ஒரே வட்டமா?" என்று கேட்டீர்கள். குழந்தை உங்களைச் சமாதானப்படுத்தத்தான், "வட்டத்துக்குள்ள யாரு முன்ன, யாரு பின்னன்னு கெடையாது மாமா" என்றாள். அதற்குப் பிறகு வந்த சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை.

நீங்கள் ஸ்டேஷனுக்குப் போன வேகத்தில் செருப்பைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டீர்கள். பத்திரமாக இருக்கிறது. ஆனால் அன்று சாயங்காலமே அம்சாவுக்குப் போன் செய்து, "புள்ளைக்கு காது குத்தறப்போ மடியில வெச்சிக்க அந்த டீச்சரையே கூப்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தீர்களே, அதிலிருந்து வீடு வீடாக இல்லை. வருகிற கிருத்திகைக்கு மலையில் மொட்டையும் காதுகுத்தும் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. "எங்க அண்ணன் மடி இல்லாம என் புள்ள காதுல ஊசி படக்கூடாது" என்று அம்சா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறாள். "வேற மாமனப் பாக்கலாம்" என்று சக்திவேல் வாயைக் கொடுத்து, அன்றிலிருந்து ஓட்டலில் சாப்பிடுகிறான். தாய்மாமன் என்ற வட்டத்தில் உங்களைத் தவிர யாரும் இல்லையே, நாங்கள் எங்கே போவோம்.

அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி அம்சா மகளிடம் கெஞ்சிப் பார்த்தாள். "பொய் எழுதினா டீச்சர் தப்பு போட்டுடுவாங்கம்மா. மாமா எதனா எடுத்துகினு வரட்டும், நானே நடுவுல எழுதறேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். நீங்கள் இத்தனை வருஷம் வெறுங்கையோடு வந்ததற்குக் காரணம் ரயில் கூட்டம்தான் என்று எனக்குத் தெரியும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தால் கம்பியை எப்படிப் பிடிப்பது. ஆனால் யோசித்துப் பாருங்கள். காதுகுத்துக்குத் தாய்மாமன் கடுக்கன், துணி, மாலை, பழத்தட்டோடுதான் வர வேண்டும் என்பது நம்முடைய பழக்கம். அந்தத் தட்டோடு நீங்கள் மலைக்கு வந்தால் போதும், யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நாயை விட்டுவிட்டு நடுவட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். உங்கள் வாய்ப்பாட்டில் இப்படி ஒரு வழி இருக்கிறதா. ஆகையால் கோபத்தை அரக்கோணத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். குழந்தையின் காது காத்திருக்கிறது. உங்கள் டியூஷன் தழைக்கவும், என் தங்கைக்கு முழங்கால் வலி விலகவும் தணிகை முருகனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு, சொந்தக் கையால் எழுதிய,
கஜபதி.

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியதில் கிருத்திகையே நேற்று முடிந்துவிட்டது. நீங்கள் வந்தீர்கள். "மலைக்குப் போவலன்னா உனக்கு இங்க சோறு கெடையாது" என்று என் தங்கை ஒரே வரியில் சொன்னாளாம். எனக்கு அது இத்தனை காகிதம் பிடித்தது. கடுக்கன் நன்றாக இருக்கிறது. உங்கள் மடியில் குழந்தை அழுத அழுகை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாம். படி இறங்கும்போது ஷோபனாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அவளும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்றாள். அம்சா சிரித்துவிட்டாள், சக்திவேல் வீட்டில் சாப்பிட்டான். சொன்னபடி பேத்தி உங்கள் பெயரை நடுவட்டத்தில் எழுதிவிட்டாள். ஆனால் நீங்கள் கிளம்பும்போது வடை, லட்டு, பலாப்பழம், மாம்பழ மூட்டை, நீங்களே கொண்டுவந்த பழத்தட்டு இவற்றோடு ஆட்டோ ஏறினதைப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒரு வட்டம் போட்டிருக்கிறாள்: எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போகிறவர்கள். மூன்று வட்டமும் சேருகிற அந்தச் சின்ன இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. டீச்சருக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போய்ச் சுவரில் ஒட்டிவிட்டார்களாம். திங்கட்கிழமை மறுபடியும் கூட்டம். இந்த முறை மனசுக்குள்ளேயே படிக்க முயற்சி செய்கிறேன். முடிந்ததா இல்லையா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.