உப்புக் கோட்டைக்கு நீல அகழி

சில முட்டாள்தனங்களைச் செய்வதற்குப் படித்திருக்க வேண்டும். படிக்காதவர்களுக்கு அந்தத் துணிச்சல் வராது.

என் மகள் யாழினி மூன்றாம் வகுப்பு. போன வருடப் பள்ளிக் கண்காட்சியில் ஒரு வரி பேசிவிட்டு அழுதுகொண்டே ஓடி வந்துவிட்டாள். இந்த வருடம் முழுதாகப் பேசி முடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலையே இல்லை. (பொய். மற்ற அம்மாக்களின் முகம் சுருங்க வேண்டும் என்பதும் இருந்தது.)

மாதிரி செய்து வைத்துப் பேசக் கொடுத்த தலைப்பு, இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த ஒரு கோட்டையின் வரலாறு. மரக்காணத்துப் பிள்ளைக்கு ரொம்ப அவசியம். பிரெஞ்சுக்காரன் வருவான் என்று பயந்து, அறுநூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு படைத்தலைவன் கட்டினானாம். பிரெஞ்சுக்காரன் அங்கே போகவேயில்லை. (பாண்டிச்சேரிக்கு வந்துவிட்டான்.) அக்கம்பக்கத்தார் பார்த்து வயிறெரியத்தான் கட்டினான் என்றும் சொல்கிறார்கள். அற்பன் என்று நினைத்துக்கொண்டே, உப்பைக் கஞ்சியில் பிசைந்து, டம்ளரில் அழுத்தி, நான்கு கோபுரங்களை எழுப்பிக் காயவைத்தேன்.

என் கணவர் உப்பளத்தில் மேஸ்திரி. கோட்டையைச் சுற்றிவந்து பார்த்தார்.

"அகழிக்குப் பாத்தித் தண்ணி கொண்டாந்து தர்றேன். அதுல ஏற்கெனவே உப்பு நிறைஞ்சிருக்குது. இதைக் கரைக்காது."

"அந்தக் கலங்கல் தண்ணியா? வெள்ளைக்காரன் கோட்டைங்க இது."

(கோட்டையின் கக்கூஸ்கள் எல்லாம் அந்த அகழியில்தான் விழுந்தன என்று பேச்சில் எழுதிக் கொடுத்தவளே நான்தான்.) குழாய்த் தண்ணீரில் நீல மை கலந்து ஊற்றினேன்.

தலைமையாசிரியை எங்கள் மேசைக்கு வர ஒரு மணி நேரமானது. யாழினி ஆரம்பித்தாள். எதிரிகள் நெருங்க முடியாத கோட்டை என்று அவள் சொன்னபோது, முன் கோபுரம் பந்தியில் உட்காருவதுபோல் நிதானமாக உட்கார்ந்தது. மதிலும் பின்னாலேயே போனது. போதும், வந்துவிடு என்று கையசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. உள்நாட்டுப் போர் வந்தது, கூரை போனது, சுவரில் கொடி படர்ந்தது, கடைசியில் பணக்காரர்கள் வாங்கிப் பழுதுபார்த்தது என்று, அந்த நீலக் கூழுக்கு முன்னால் நின்று ஒரு வரி விடாமல் பேசி முடித்தாள். அழுதது நான்தான்.

தலைமையாசிரியை கூழைக் குனிந்து பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார்.

"எங்கம்மா மிஸ்," என்றாள் பெருமையாக. "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

இப்போது பள்ளியில் எந்த விழாவென்றாலும் யாழினிதான் பேசுகிறாள். எதைப் பற்றிப் பேசச் சொன்னாலும் இந்தக் கதையில்தான் ஆரம்பிக்கிறாள்.